அரசாங்கத்துக்குத் தண்ணி முறை விட்ட சிவகௌரியக்கா

இப்ப நான் சொல்லப்போறது அச்சொட்டா நடந்த கதை. ஒரு சொல்லும் பொய்யில்லை. மருதனார்மடத்து ஆஞ்சநேயர் ஆணை எண்டு சொல்ல வாயெடுத்தனான், ஆனா அந்த மனுசன் சிலையா நிக்கிற உயரத்தை நினைச்சால் பயமாக் கிடக்கு. அதாலை முதலே சொல்லிப்போடுறன், கொஞ்சம் இழுத்திருப்பன். நடந்தது நடந்ததுதான், அதின்ரை நீளமும் அகலமும் மட்டும் என்ரை கைவேலை. எங்கையெங்கை இழுத்தனான் எண்டு கேக்காதேங்கோ. எனக்கே மறந்துபோச்சு.

நான் லாண்ட்மாஸ்டர், அதுதான் பெட்டி பூட்டின ரெண்டு சில்லு உழவு மிசின், ஓடுறனான். தோட்டத்து மரக்கறியை ஏத்திக்கொண்டுபோய் மருதனார்மடச் சந்தையிலை இறக்கிறது தொழில். என்ரை லாண்ட்மாஸ்டர் போற வேகத்துக்கு, ஏத்தேக்கை பிஞ்சாக் கிடந்த கத்தரிக்காய் இறக்கேக்கை முத்தியிருக்கும். இந்தக் கதையை முதல் சொன்ன அண்டைக்கு ஓட்டமில்லை. அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்திலை, வாகீசன்ரை தேத்தண்ணிக் கடை வாசலிலை இருந்துதான் இந்தக் கதையைத் தொடங்கினன். கேக்க ரெண்டு பேர் இருந்தவை. ஒராள் மயிலிட்டியிலையிருந்து மீன் கொண்டுவாற யோசப்பினக்கா. மீன் வித்து முடிஞ்சு, வெறும் பெட்டியைக் கவிட்டுப் போட்டு அதிலை குந்தியிருந்தவ. மற்றாள் ஓட்டோ ஓடுற யதுசன். உவன் ஆரெண்டால், கதையிலை வாற கதிரவேலு அண்ணையின்ரை மருமோன், கூடப்பிறந்த தங்கச்சியின்ரை பெடியன். மாமனைப் பற்றி மருமோனை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கதைக்கவேண்டி வந்தது என்ரை பலன்.

சிவகௌரியக்காவை உங்களுக்குத் தெரியாட்டிலும் அவவின்ரை குரல் தெரிஞ்சிருக்கும். தோட்டத்துக்கை நிண்டு "ஆரடா அங்கை மாட்டை அவிட்டு விட்டது" எண்டு அவ கேட்டால், மயிலிட்டியிலை கடலுக்குப் போன வள்ளம் பயந்து கரைக்குத் திரும்பும்.

"அது உண்மை," எண்டா யோசப்பினக்கா. "என்ரை மனுசன் ஒருக்கால் திரும்பி வந்தவர்."

சிவகௌரியக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பிறந்தவுடனை அழேல்லையாம், மருத்துவிச்சியை ஏசினவவாம். இது நான் இழுத்தது. மற்றதெல்லாம் உண்மை. கலியாணம் முடிச்ச மனுசன் சத்தமே இல்லாத ஆள். அந்த வீட்டிலை ஒராள் கதைக்கத்தான் இடமிருந்தது, அவர் விட்டுக் குடுத்திட்டார். சண்டை நேரம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடேக்கை சனம் நகை, காணி உறுதி, சாமிப்படம் எண்டு தூக்கிக்கொண்டு ஓட, இவை ரெண்டு பேரும் தண்ணி இறைக்கிற மிசினைக் கழட்டிச் சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு போனவை. வழியிலை ஆரோ, "மிசினைக் கொண்டு போறியள், கிணத்தை விட்டிட்டுப் போறியளே" எண்டு பகிடி பண்ண, அக்கா நிண்டு மறுமொழி சொன்னவவாம்: "கிணறு எங்கையும் போகாது. மிசினைத்தான் களவெடுப்பாங்கள்." திரும்பி வரேக்கை வீட்டிலை கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவு நிலை கூட இல்லை. கிணறு நிண்டது.

மனுசன் பேந்து நெஞ்சு நோவிலை செத்துப்போனார். அதுக்குப் பிறகு அவரின்ரை நீளக்கைச் சேட்டைச் சீலைக்கு மேலை கொளுவிக்கொண்டு அக்காதான் தோட்டம் பாக்கிறா. வெங்காயம், பீற்றூட், மிளகாய், ஓரத்திலை பயித்தங்காய். செம்பாட்டு மண். அந்த மண்ணிலை வீடு கூட்டுற தும்புத்தடியைக் குத்திவிட்டாலும் தும்பு தளிர்க்கும். மகள் ஆரணி கம்பசிலை படிக்கிறாள். அவளைப் படிப்பிக்கிறது ஆர் எண்டு கேட்டால், வாத்திமார் இல்லை, வெங்காயம். வெங்காயத்தை வளக்கிறது அந்தக் கிணறு. அதாலை அக்காவின்ரை சீவியம் எண்டு சொன்னால் அந்தக் கிணறுதான், வேறை ஒண்டும் இல்லை.

கிணறு முழுக்க அவவின்ரை இல்லை. பங்குக்கிணறு. யோசப்பினக்காவுக்கு இந்த இடம் விளங்கேல்லை. அவவுக்குத் தண்ணி எண்டால் உப்புத் தண்ணி.

"அக்கா, உங்கடை பக்கத்திலை கரைவலை வளைக்கிறதுக்குப் பாடு இருக்கெல்லே? இண்டைக்கு இவை, நாளைக்கு அவை எண்டு? அதுதான் எங்கடை கிணத்து முறையும். கிணறு கிடக்கிறது கதிரவேலு அண்ணையின்ரை காணிக்குள்ளை. ஆனா அரைப்பங்கு சிவகௌரியக்காவின்ரை. ஒருநாள் அவர் இறைப்பார், மற்றநாள் அவ இறைப்பா."

"பாடு பிழைச்சால் எங்கடை ஆக்கள் கத்தி எடுப்பினம்," எண்டா யோசப்பினக்கா.

"இவைக்குக் கத்தி தேவையில்லை. வாய் இருக்கு."

முறை மாறுறது கோயில் காலமை மணிக்கு. மணி அடிச்சால் ஒராள் மிசினை நிப்பாட்டவேணும், மற்றாள் தொடங்கலாம். ஐயர் பிந்தி எழும்பினால் அண்டைக்குப் பிரளயம். கதிரவேலு அண்ணை கிணத்துக்கட்டிலை இருந்துகொண்டு, "மணி அடிச்சுப்போட்டுது, உனக்குக் காது செவிடு, தண்ணி களவெடுக்கிறாய்" எண்டுவார். அக்கா, "அது கோயில் மணியில்லை அண்ணை, ஐஸ்பழக்காரன்ரை மணி" எண்டுவா. ரெண்டு பேரும் ஒண்டுவிட்ட அண்ணன் தங்கச்சி வேறை. அவையின்ரை சண்டையைக் கேட்டு ஊர்ச் சனம் மணிக்கூட்டைத் திருத்தி வைக்கும். முன்னொருக்கால் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலை காய்ச்சல் வந்து சண்டை இல்லாமல் போக, பள்ளிக்கூடப் பிள்ளையள் பாதிப்பேர் பிந்திப் போனதுகள்.

இப்பிடி இருக்கேக்கைதான் அரசாங்க அலுவலகம் ஒண்டு, கந்தோரெண்டுவம், காணி தேடி வந்தது. எந்தக் கந்தோர் எண்டு கேக்காதேங்கோ. அதின்ரை முழுப்பேரைச் சொல்லி முடிக்கிறதுக்கிடையிலை எனக்குப் பசிச்சுப்போடும். மரக்கறி சேகரிக்கிற நிலையம் கட்டப்போறமெண்டவை. பெரிய கட்டடம், லொறி திரும்ப இடம், எல்லாம். கதிரவேலு அண்ணைக்கு முழங்கால் ஏலாது. பெடியன் வெளிநாட்டிலை. காணியைக் குடுத்திட்டார்.

பங்குக்கிணத்துக் காணி விக்கிறதெண்டால் முதல் பங்காளியைக் கேக்கவேணும். இது எங்கடை ஊரிலை ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அண்ணை கேக்கேல்லை. கந்தோராக்களும் கேக்கேல்லை. உறுதி எழுதி முடிச்சு வந்த அண்டைக்கு அண்ணை வேலியடியிலை நிண்டு சொன்னார்:

"இவ்வளவு காலமும் என்ரை முறைத் தண்ணியைக் களவெடுத்தாய். இனி உன்ரை பங்காளி நானில்லை, அரசாங்கம். ஒரு வாளி கூட இறைச்சுப் பார். வழக்குப் போட்டுக் கோட்டிலை கொண்டே நிப்பாட்டுவாங்கள்."

அக்கா வெங்காயத்துக்கை நிண்டவ. சீவியத்திலை முதல்தரமா அவவுக்கு மறுமொழி வரேல்லை. நான் லாண்ட்மாஸ்டரிலை இருந்து கண்ணாலை கண்டனான். சிவகௌரியக்கா பேசாமல் நிக்கிறா எண்டால் உலகம் அழியப்போகுது எண்டு நினைச்சன்.

பிறகு நில அளவை ஆக்கள் வந்து முளைக்கட்டை அடிச்சினம். ஒருத்தன் சிவப்புப் பெயின்ற் வாளியோடை வந்து கிணத்துக்கட்டிலை பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டான்.

"தம்பி, உதென்னத்துக்கு?"

"லொறி திரும்பிற இடம் அம்மா. கிணத்தை மூடோணும்."

"எதாலை மூடுவியள்?"

"மண்ணாலைதான்."

அக்கா அந்தப் புள்ளடியைப் பாத்துக்கொண்டு நிண்டா. மரக்கறி சேகரிக்கிறதுக்கு மரக்கறிக்குத் தண்ணி விடுற கிணத்தை மூடினால், பேந்து எதைச் சேகரிக்கிறது, லொறியையோ எண்டு அவ கேட்டா. அந்தத் தம்பிக்கு விளங்கேல்லை, அவனுக்குச் சொன்னது பெயின்ற் அடிக்க மட்டும். அக்கா நல்ல சீலை உடுத்துக் கந்தோருக்குப் போனா. திங்கக்கிழமை வரச் சொன்னவை. திங்கள் போனால், பொறுப்பான ஐயா கூட்டத்துக்குப் போட்டார். கடைசியிலை ஐயாவைப் பிடிச்சால், "அம்மா, காணி அரசாங்கத்தின்ரை, கிணறும் அதோடைதான். உங்களுக்குக் குழாய்த் தண்ணி வரும்" எண்டார். குழாய்த் தண்ணியிலை வெங்காயம் வைக்கலாமோ எண்டு கேட்டதுக்கு, அது தங்கடை பிரிவு இல்லையாம்.

வீட்டை வந்து அக்கா சோறு தின்னேல்லை. அடுத்த நாளும் தின்னேல்லை. மூண்டாம் நாள் நான் பாக்கேக்கை, அவ மெலிஞ்சு அந்தச் சேட்டு தனிய நடந்துபோற மாதிரிக் கிடந்தது.

இனித்தான் கதையின்ரை நடு. யதுசன், நீ தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது.

அக்காவின்ரை மண்டைக்குள்ளை ஒரு யோசினை. காணி அரசாங்கத்துக்குப் போட்டுது. அப்ப ஒருநாள் முறை அரசாங்கத்தின்ரை. அரசாங்கம் வந்து இறைக்காது, அதுக்கு மிசின் இல்லை. ஆனா அந்தத் தண்ணியைத் தான் இறைச்சால் களவு. இறைக்காமல் விட்டாலும் வில்லங்கம், ஏனெண்டால் ஒராளின்ரை முறை இறைக்காமல் கிடந்தால், மற்றாள் விழுங்கிப்போட்டார் எண்டுதான் ஊர் சொல்லும். முதல் ஆளாக் கதிரவேலு அண்ணை சொல்லுவார். இத்தினை வருசமாக் கள்ளி கள்ளி எண்டு பேசின வாய்க்குத் தானே வெத்திலை மடிச்சுக் குடுக்கிறதோ?

அதாலை என்ன செய்தா தெரியுமே? தன்ரை முறைக்குத் தன்ரை தோட்டத்துக்கு இறைச்சா. அடுத்த நாள் மணி அடிக்க, அதே மிசினை, தன்ரை மண்ணெண்ணெய் ஊத்தி, வாய்க்காலைத் திருப்பி, அரசாங்கத்தின்ரை வெறுங்காணிக்கு இறைச்சா.

யோசப்பினக்கா சிரிச்ச சிரிப்பிலை மீன்பெட்டி வெடிச்சுப்போட்டுது. சரி, கீறு விழுந்தது.

"விசரே அவவுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'அக்கா, வெறுந்தரைக்கு ஏன் இறைக்கிறியள்?' எண்டு. 'தம்பி, நாளைக்கு அரசாங்கம் வந்து, என்ரை முறைத் தண்ணி எங்கை எண்டு கேட்டால், இந்தா ஈரமாக் கிடக்கு, தொட்டுப் பார் எண்டு காட்டுவன்' எண்டா."

இலங்கையிலை எத்தினையோ பேர் அரசாங்கத்திட்டை வாங்கியிருக்கினம். அரசாங்கத்துக்கு ஓசியிலை தண்ணி இறைச்ச ஒரே மனுசி எங்கடை அக்காதான்.

அந்த மண்ணுக்குத் தண்ணி காட்டிப்போட்டுச் சும்மா இரு எண்டால் இருக்குமே? கதிரவேலு அண்ணை முந்திப் போட்ட எருவுக்குள்ளை பூசணி விதை கிடந்திருக்கு. முளைச்சுது. படர்ந்துது. முளைக்கட்டையெல்லாம் மூடிச்சு. ஒழுங்கைப் பக்கம் "இது அரச காணி, உள்ளே வரக்கூடாது" எண்டு ஒரு தகரப் பலகை நட்டிருந்தவை, கொடி அதிலை ஏறி, எழுத்தையெல்லாம் இலையாலை மறைச்சு, உச்சியிலை ஒரு பூவும் பூத்துது. காய் எண்டால் காய், ஒவ்வொண்டும் தண்ணி பிடிச்சு வைக்கிற பீப்பா, பரல் அளவு.

"பரல் அளவோ?" எண்டான் யதுசன்.

"சரி, வாளி அளவு."

அக்கா ஒரு காய் பிடுங்கேல்லை. நான் ஒண்டு தூக்கப் போக மண்வெட்டியை ஓங்கினா. "வைக்கிறியோ இல்லையோ. அது அரசாங்கத்தின்ரை." எனக்கு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது, இந்த மனுசியைக் கள்ளி எண்டு சொன்ன ஆளுக்குக் கண் இல்லையெண்டு.

"டேய், மாமாவைப் பற்றிப் பாத்துக் கதை," எண்டான் யதுசன்.

"உன்ரை மாமாவைச் சொல்லேல்லையடா, பொதுவாச் சொன்னனான்."

இப்பிடி ஆவணி மாசம். வெயில் எண்டால், காகம் மரத்திலையிருந்து இறங்காமல் ஆளை விட்டுச் சோறு எடுப்பிச்சுது. கிணத்தை மூட மண் ஏத்தின லொறி வரப்போகுது எண்டு கதை. அண்டைக்கு நான் வெங்காயம் ஏத்த நிக்க, ஒழுங்கைக்குள்ளை ஒரு வான் வந்துது. அக்கா லொறிதான் எண்டு நினைச்சு ஓடிப்போய்க் கிணத்துக்கட்டிலை ஏறி இருந்திட்டா. என்னோடை சேத்து மூடுங்கோ எண்ட மாதிரி.

லொறி இல்லை. ஓடிட், அதுதான் அரசாங்கச் செலவைச் சரிபிழை பாக்கிற ஆக்கள். பொதுவேலைக்கெண்டு வாங்கின காணியளை ஒவ்வொண்டாப் போய்ப் பாத்து, சரியான காணியோ, சரியா வாங்கினதோ எண்டு விசாரிக்கினமாம். இறங்கினது தர்சினி மிஸ், கொழும்பிலையிருந்து வந்த இளம் பிள்ளை. குரல் மெல்லிசு, கண் மட்டும் ஊசி. கூட, காணி வாங்கின கந்தோர் ஐயா. வித்த ஆளெண்டு கதிரவேலு அண்ணையையும் ஏத்திக்கொண்டு வந்திருந்தவை. அண்ணை வெள்ளை வேட்டி சால்வையோடை, கலியாணத்துக்கு வந்த மாதிரி.

மிஸ் பைலைப் பாத்தா, காணியைப் பாத்தா, திரும்பிப் பைலைப் பாத்தா.

"ஐயா, நாங்கள் சரியான இடத்துக்குத்தானே வந்திருக்கிறம்?"

"ஓம் மிஸ்."

"தரிசு நிலம், பயிர் இல்லை, தண்ணி வசதி இல்லை எண்டெல்லே எழுதி வாங்கியிருக்கிறியள்?"

ஐயா பூசணியைப் பாத்தார். பூசணி ஐயாவைப் பாத்துது.

"அது மழைக்கு முளைச்சிருக்கும் மிஸ்."

மிஸ் என்னட்டைத் திரும்பினா. "இஞ்சை கடைசியா எப்ப மழை பெஞ்சது?"

"அந்த மழைக்கு நான் ஒரு குடை வாங்கினனான் மிஸ். அது இறாக்கைத் தட்டிலை கிடந்து உக்கிப்போச்சு."

"அரச காணி எண்டு பலகை நட்டதாச் சொன்னியள். பலகை எங்கை?" எண்டு மிஸ் ஐயாவைக் கேட்டா.

தேடினம். ஐயா சப்பாத்தோடை கொடிக்குள்ளை இறங்கி, சறுக்கி, ஒரு காயைக் கட்டிப்பிடிச்சு எழும்பினார். நான்தான் இலையை விலக்கிக் காட்டினன். "உள்ளே வரக்கூடாது" எண்ட எழுத்துக்கு மேலை ஒரு பூசணிக்காய் வடிவாத் தொங்கிக்கொண்டு கிடந்தது.

மிஸ் கிணத்தடிக்கு வந்தா. "அம்மா, இதுக்கு ஆர் தண்ணி விட்டது?"

அக்காவின்ரை முகம் வெளிறிப்போச்சு. கோடு, பொலிஸ், மறியல் எல்லாம் அவவின்ரை கண்ணிலை தெரிஞ்சுது. இருந்தும் பொய் சொல்லத் தெரியாத மனுசி.

"நான்தான் பிள்ளை. ஆனா அரசாங்கத்தின்ரை முறையிலைதான் விட்டனான். என்ரை தண்ணி எனக்கு, அரசாங்கத்தின்ரை தண்ணி அரசாங்கத்துக்கு. ஒரு வாளி மாறேல்லை. ஒரு காயிலை கை வைக்கேல்லை."

"அரசாங்கத்தின்ரை முறையோ? அப்பிடியெண்டால்?"

அக்கா சொல்ல வாயெடுக்கிறதுக்கிடையிலை ஐயா குறுக்கை விழுந்தார். "மிஸ், இந்த அம்மா சும்மா சொல்லுறா. இது பாழ்கிணறு. பாவனை இல்லை. தண்ணியும் இல்லை. இவர்தானே முந்தின சொந்தக்காரர், கேட்டுப் பாருங்கோ." எண்டிட்டுக் கதிரவேலு அண்ணையைப் பாத்துக் கண்ணைக் காட்டினார்.

இப்ப எல்லாம் அண்ணையின்ரை வாயிலை. "ஓம், பாழ்கிணறுதான்" எண்டால் அவருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வித்தது வித்ததுதான், வீட்டை போய்க் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். அக்கா கிணத்துக்கட்டை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு அவரையே பாத்தா. நான் மூச்சு விடேல்லை. என்ரை லாண்ட்மாஸ்டரும் தானா நிண்டுபோச்சு.

அண்ணையின்ரை காது முதல் சிவந்துது. பேந்து கழுத்து.

"ஆரின்ரை கிணத்தைப் பாழ்கிணறு எண்டுறீர்?"

"இல்லை ஐயா, நான் சொல்லவந்தது..."

"என்ரை அப்பர் அலவாங்காலை கல்லுடைச்சு வெட்டின கிணறு. சித்திரையிலை ஊரெல்லாம் வத்தினாலும் இது வத்தாது. இந்தத் தண்ணியிலை தேத்தண்ணி வைச்சால் சீனி தேவையில்லை. பாழ்கிணறாம். இத்தினை வருசமா உவள் என்ரை முறையிலை களவெடுத்தே முடியாத தண்ணி, பாழாப் போகுமோ?"

அவ்வளவுதான். அக்காவுக்குப் போன குரல் திரும்பி வந்துது.

"ஆர் களவெடுத்தது? உங்கடை அப்பர் கல்லுடைச்சார், மண் சுமந்தது ஆர்? எங்கடை ஐயா. அதைச் சொல்லமாட்டியள். மணி அடிச்ச பிறகும் ஒருநாளாவது நேரத்துக்கு மிசினை நிப்பாட்டினியளோ?"

"மணியை நீ எப்ப காதிலை விழுத்தினாய்?"

"போன தைப்பொங்கலுக்கு என்ரை முறையிலை ஆர் இறைச்சது? பொங்கப் பானைக்குத் தண்ணி எண்டு சொல்லி, மிளகாய் முழுக்க நனைச்சுப்போட்டு."

"அது பொங்கல். பொங்கலுக்கு முறை பாக்கிறதோ? நீ திருவிழாவுக்கு என்ன செய்தனி?"

ஐயா நடுவுக்கை போய், "கொஞ்சம் பேசாமல் இருங்கோ" எண்டார். மிஸ் கையைக் காட்டி அவரைத் தள்ளி நிக்கச் சொன்னா. "அவையை மறிக்காதேங்கோ. அம்மா, திருவிழாவுக்கு என்ன நடந்தது?" எண்டிட்டு எழுதத் தொடங்கினா. எழுதினா, எழுதினா, கொப்பி முடிஞ்சு உள்ளங்கையிலையும் எழுதினா. பாழ்கிணறு எண்ட கிணத்துக்கு ரெண்டு பேர் தண்ணிச் சண்டை பிடிக்கினமெண்டால், அதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்? பங்குக்காரி ஒராள் இருக்கிறா எண்டும், அவவை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டும், அது தோட்டக் காணி எண்டும் ஒவ்வொரு ஏச்சுக்குள்ளையும் கிடந்துது. பேந்துதான் விசயம் வந்துது, கந்தோராக்களுக்கு ஒதுக்கின காசை வருசம் முடியிறதுக்கிடையிலை முடிக்கவேணுமெண்டு அவசரம், தோட்டக் காணியெண்டால் கன இடத்திலை அனுமதி எடுக்கவேணும், அதாலை தரிசு எண்டு எழுதிப்போட்டினம்.

கடைசியிலை மிஸ் ஒரு வாளி அள்ளிக் குடிச்சா. "நல்ல தண்ணி" எண்டா. கொப்பியை மூடிக்கொண்டு வானிலை ஏறினா. வான் போட்டுது.

அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் ஒழுங்கையைப் பாத்துக்கொண்டிருப்பா, அரசாங்கத்தின்ரை முறையும் தவறாமல் விடுவா. ஐப்பசி மழை தொடங்கிற நேரம் கந்தோரிலையிருந்து ஒரு புது ஐயா வந்தார். வந்து முளைக்கட்டையளைப் பிடுங்கச் சொன்னார். சந்திக்குக் கிட்ட அரசாங்கத்துக்கே சொந்தமா ஒரு பழைய களஞ்சிய ஸ்ரோர் வளவு பத்தை பிடிச்சுக் கிடக்காம், மிஸ்தான் கண்டுபிடிச்சவவாம். நிலையத்தை அங்கை கட்டப்போகினமாம். கையிலை காணி கிடக்க வேறை காணி வாங்கினது ஏனெண்டு கந்தோருக்கு இப்பவும் கேள்வி போகுதாம்.

"அப்ப கிணறு?" எண்டு கேட்டா அக்கா.

"கிணத்திலை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம் அம்மா. நிம்மதியா இறையுங்கோ."

அக்கா வாளியை விட்டு அள்ளி, சேட்டோடை சீலையோடை தலையிலை ஊத்தினா. இன்னொண்டு ஊத்தினா. ஊத்த ஊத்தச் சிரிச்சா. பேந்து வீட்டை போய் ஒரு பானைச் சோறு தனியச் சாப்பிட்டிட்டு, அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் நித்திரை. அண்டைக்கு மாடு ரெண்டு வெங்காயத்துக்கை இறங்கியும் ஒரு சத்தமும் வராததாலை, ஊரே பயந்து வீட்டு வாசலிலை கூடிப்போச்சு.

பின்னேரம் கதிரவேலு அண்ணை பொல்லை ஊண்டிக்கொண்டு வந்தார். கிணத்துக்கட்டிலை, பழைய இடத்திலை இருந்தார்.

"இண்டைக்கு ஆரின்ரை முறை?"

"அரசாங்கத்தின்ரை."

"அப்ப ஒரு பூசணிக்காய் தா. கறி வைக்க."

"என்னட்டைக் கேக்காதேங்கோ அண்ணை. சொந்தக்காரரிட்டைக் கேளுங்கோ."

அண்ணை சிரிச்சார். அவருக்குப் பல்லு இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

கதை இவ்வளவுதான் எண்டு நான் எழும்பப் போனன். யோசப்பினக்கா விடேல்லை.

"நில்லு. இப்ப அந்தக் காணி ஆருக்கு?"

"கந்தோராக்கள் திருப்பிக் குடுக்கிற யோசினையாம். ஆருக்கு எண்டு இன்னும் முடிவில்லை."

"உதிலை முடிவென்ன? மாமாவின்ரை காணி," எண்டான் யதுசன். "வாங்கின காசைக் குடுத்திட்டுத் திருப்பி எடுப்பார்."

"எடுப்பாரோ? விக்கேக்கை பங்குக்காரியைக் கேட்டவரோ? இப்ப அவவைத்தான் முதல் கேக்கவேணும். வேணாமெண்டு அவ சொன்னால் பிறகு உன்ரை மாமா வரட்டும்."

"அக்கா, நீங்கள் மீன் விக்கிற ஆள். தோட்டக் காணியைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்?"

"பாடு எனக்குத் தெரியுமடா. வலையை வித்துப்போட்டுப் பாடு கேட்டு வந்து நிக்கிறவனைக் கரையிலை அடிச்சுக் கலைப்பம்."

"மாமா அண்டைக்கு வாய் திறக்காட்டில் கிணறு இப்ப மண்ணுக்குள்ளை. அதை மறந்திட்டியளோ?"

"மாமா காணியை விக்காட்டில் பெயின்ற் வாளியே வந்திராது. அதை நீ மறந்திட்டியோ?"

உள்ளுக்கை தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்ட வாகீசன் எட்டிப் பாத்தான். "ரெண்டு பேருக்கும் வேண்டாம். அது இப்ப அரசாங்கத்தின்ரை, பொதுக்காணி. பூசணியைப் பிடுங்கிச் சந்தையிலை வித்து ஊருக்குப் பங்கு வைக்கவேணும்."

"உன்ரை கடைக்கும் ஒரு பங்கோ?" எண்டு ரெண்டு பேரும் ஒண்டாத் திரும்பினவை.

"ஏன், நான் ஊரில்லையோ?"

"தேத்தண்ணிக்குள்ளை பாதி வெந்நீர் ஊத்திறவனுக்கு என்ன பங்கு?" எண்டு யதுசன் கோப்பையைத் தூக்க, வாகீசன் கரண்டியோடை வெளியிலை வந்தான். யோசப்பினக்கா சீலைத் தலைப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு, மீன்பெட்டியைக் காலாலை ஒரு பக்கம் தள்ளிப்போட்டு நடுவிலை வந்து நிண்டா.